கம்ப்யூட்டர் தென்னை

எங்கள் வீட்டில் மின்சாரத்துக்குப் பஞ்சம் வந்ததுண்டு; மின்சார நிபுணர்களுக்குப் பஞ்சம் வந்ததே இல்லை. என் மாமனார் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு ரோலிங் மில்லில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். என் கணவர் பாஸ்கர் அத்திப்பட்டில் அனல்மின் நிலையத்துக்குக் காண்ட்ராக்ட் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். நான் அஞ்சல் வழியில் எம்.சி.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். அதாவது கரண்டை உண்டாக்குகிறவர் ஒருவர், அதை ஒயரில் ஓட்டத் தெரிந்தவர் ஒருவர், கடைசியில் கம்ப்யூட்டரில் அதைச் செலவழிக்கிறவள் ஒருத்தி. இப்படிப்பட்ட வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் மக்கர் செய்தால் எவ்வளவு சீக்கிரம் சரி செய்துவிடலாம் என்று நினைக்கிறீர்கள்? (நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.)

கதை கல்யாணப் பேச்சிலேயே தொடங்குகிறது. நான் பொதட்டூர்பேட்டைப் பக்கத்துப் பெண். அப்பாவுக்குக் கொஞ்சம் நெல் நிலம். இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்த சமயம் அது. சீர்வரிசையில் பீரோ வைப்பதா ஃப்ரிட்ஜ் வைப்பதா என்று பெரியவர்கள் கூடத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளறையிலிருந்து, "எனக்குக் கம்ப்யூட்டர் போதும்" என்று சொல்லிவிட்டேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் அந்தக் கல்யாணம் நின்றே போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.

அப்போது மாமனார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னார்: "பொண்ணு கேக்கறது கரெக்ட்டுதான். பீரோ வாங்கிக் குடுத்து இன்னா பண்றது? தொறந்து தொறந்து மூடணும், அவ்ளோதானே. கம்ப்யூட்டரே குடுங்க. எம்.சி.ஏ.வ முடிக்க வெக்கிறது என் பொறுப்பு."

மாப்பிள்ளையைச் சரியாகப் பார்ப்பதற்கு முன்பே எனக்கு மாமனாரைப் பிடித்துப்போயிற்று.

ஆவணியில் கல்யாணம். சென்னையில் அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் வைக்கோலும் கோணிப்பையும் சுற்றி, மினி லாரியில், எனக்கு முன்னாலேயே புகுந்த வீடு போய்ச் சேர்ந்தது. மாமா அதற்கென்று கூடத்தில் தனியாக ஒரு பிளக் பாயின்ட் போட்டு வைத்திருந்தார். அந்த வீட்டின் ஒயரிங் முழுவதும் அவர் கையால் செய்தது. மில்லில் ஷிஃப்ட் முடிந்து வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்டூல் போட்டு ஏறி, சுவரில் மெல்லிய மரப்பட்டை அடித்து, கிளிப் வைத்து, ஒவ்வொரு ஒயராக நூல் பிடித்தாற்போல இழுத்திருந்தார். வீட்டுக்கு வருகிறவர்கள் ஜன்னலையோ தரையையோ பாராட்டினால் அவருக்கு ஏறாது. "ஒயரிங்கு பாத்தியா?" என்று கேட்பார்.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் ஊரில் ஏர், மண்வெட்டி, அரிவாளுக்குப் பொட்டு வைப்போம், பொரி தின்போம், அத்தோடு சரி. இங்கே அது வேறு தினுசு. மில்லில் ஆயுத பூஜை என்றால் திருவிழா என்று மாமா சொன்னார். ஓய்வு பெற்ற பிறகு மில்லில் செய்ததையெல்லாம் வீட்டில் செய்தார். அவருடைய டெஸ்டர், கட்டிங் பிளேயர், பல்பும் ஹோல்டரும் இரண்டு ஒயருமாக இருக்கும் டெஸ்ட் லாம்ப், மிக்சி, அயர்ன் பாக்ஸ் எல்லாம் வரிசையாகப் பலகையில் ஏறின. கடைசியில் என் கம்ப்யூட்டர்.

சந்தனம் குழைப்பதற்கும் மில் முறை ஒன்று இருந்தது. ரோலிங் மில் ஓடினால் தரையே அதிருமாம். வெறும் சந்தனம் காய்ந்து மறுநாளே மெஷினிலிருந்து உதிர்ந்துவிடுமாம். பூஜை போட்ட பொட்டு உதிர்ந்தால் தொழிலாளர்களுக்கு மனசு சரியில்லாமல் போகும். அதனால் சந்தனத்தில் கொஞ்சம் வெல்லப்பாகு சேர்த்துக் குழைப்பார்கள். "ஒருதபா ஒட்னா அடுத்த வருசம் பூஜைக்கு சொரண்டித்தான் எடுக்கணும்" என்று மாமா பெருமையாகச் சொன்னார்.

கிண்ணத்தை என் கையில் கொடுத்தார். நான் புது மருமகள். எங்கே வைக்க வேண்டும் என்று பணிவாகக் கேட்டேன்.

"மெஷினுக்கு எங்க உயிரு கீதோ அங்க வெக்கணும்மா. மோட்டாரு மேல வெக்க மாட்டோம். ஸ்டார்ட்டர் ஸ்விட்ச்சுலதான் வெப்போம்."

கம்ப்யூட்டரின் உயிர் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? எம்.சி.ஏ. ஆயிற்றே. பெட்டியின் முகப்பில் இருந்த பவர் பட்டனில், நாலணா அகலத்துக்கு, கனமாக ஒரு சந்தனப் பொட்டு வைத்து, நடுவில் குங்குமமும் இட்டேன். பார்க்க லட்சணமாக இருந்தது. அத்தை, அதாவது என் மாமியார், கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"இனிமே அத அமுக்கச் சொல்லோ பாத்து அமுக்கு. பொட்டு கலையக் கூடாது" என்றார்.

நான் கலைப்பேனா? மறுநாளிலிருந்து பேனாவின் பின்பக்கத்தால், பொட்டின் ஓரமாக, பூப்போல அமுக்கினேன். வெள்ளிக்கிழமைதோறும் அத்தை வாசற்படிக்கு மஞ்சள் குங்குமம் வைக்கும்போது நான் கம்ப்யூட்டருக்குப் புதுப்பொட்டு வைத்தேன், பழைய பொட்டின் மேலேயே. மில் முறையில் குழைத்த சந்தனம்தான். அப்படிச் செய்தால் நல்ல மருமகள் என்று பெயர் வரும் என்று ஒரு கணக்கு.

அதற்குப் பிறகுதான் கம்ப்யூட்டர் கோளாறு செய்ய ஆரம்பித்தது.

பட்டனை அமுக்கினால் உயிர் வரும். உள்ளே ஃபேன் சுற்றும், பச்சை விளக்கு எரியும், திரையில் எழுத்து ஓடும். அப்பாடா என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவதற்குள் பட்டென்று அணைந்துவிடும். மத்தியானம் வெயில் சுள்ளென்று அடித்தால் சில நாள் சமர்த்தாக ஓடும். சாயங்காலம் கடல் பக்கத்து ஈரக்காற்று வந்துவிட்டால் பிடிவாதம் பிடிக்கும். ஓடிக்கொண்டிருக்கும்போதே யாராவது மேஜையில் லேசாக இடித்தால் போதும், நான் சொல்லாமலே தானாக ஷட் டவுன் ஆகும். அத்தை ஒருமுறை பக்கத்தில் நின்று தும்மினார், அதற்கும் அணைந்தது. அதன் பிறகு பாவம், தும்மல் வந்தால் கொல்லைப்பக்கம் ஓடுவார்.

சும்மா விளையாட்டுக்கு வைத்திருந்த கம்ப்யூட்டர் என்றால் பரவாயில்லை. என் கடைசி வருட புராஜெக்ட் அதற்குள் பாதியில் இருந்தது. நூலகத்துக்கான மென்பொருள். (அந்தக் காலத்தில் எம்.சி.ஏ. படித்த அத்தனை பேரும் நூலகத்துக்குத்தான் மென்பொருள் செய்தோம். நாட்டில் அத்தனை நூலகம் இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை.) கார்த்திகை தீபத்துக்கு முந்தைய வாரம் அதைச் சிடியில் போட்டுக் கொடுத்தாக வேண்டும். தவறினால் ஒரு வருடம் போயிற்று. கல்யாணமான பெண்ணுக்கு அந்த ஒரு வருடம் தள்ளிப்போனால் எம்.சி.ஏ. எந்த நிலைமையில் முடியும் என்று எனக்குத் தெரியும். என் அக்காவின் பி.எட். அப்படித்தான் முதல் பிரசவத்தோடு நின்றுபோனது.

நிபுணர் குழு கூடியது.

நான் சொன்னேன்: "எஸ்.எம்.பி.எஸ். போயிடுச்சு மாமா. உள்ள கரண்ட்ட பிரிச்சுக் குடுக்கிற பெட்டி அது."

மாமா கையை உயர்த்தி டியூப்லைட்டைக் காட்டினார். அது ஒரு நொடி மங்கி, மறுபடி பிரகாசமானது. "பாத்தியா? மில்லுல பர்னஸ் ஏத்திட்டான். இரும்ப உருக்கச் சொல்லோ மொத்தக் கரண்டையும் உறிஞ்சிக்கினு பூட்றான். வோல்ட்டேஜ் டான்ஸ் ஆடுது. கம்ப்யூட்டரு நோஞ்சான் சாமான், தாங்கல." எங்கள் தெருவில் விளக்கு மங்கினால் எல்லோரும் சொல்வது அதுதான். நான் அதை உடனே நம்பினேன்.

பாஸ்கர் நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு வந்து, எல்லாவற்றையும் கேட்டு, "ஃப்ரீக்வென்சி பிராப்ளமா இருக்கும்" என்று ஒரே வார்த்தையில் தீர்ப்பு வழங்கிவிட்டுப் படுத்துத் தூங்கிவிட்டார்.

"கண்ணு பட்டுக்கீது. மொத நாளு தெருவே வந்து பாத்துட்டுப் போச்சே" என்றார் அத்தை. மானிட்டரின் மேல் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்துத் தொங்கவிட்டார்.

இதற்கு நடுவே எறும்பு வேறு. மேஜைக்காலில் ஏறி, பெட்டியின் முகப்பை நோக்கி வரிசையாகப் போய்க்கொண்டே இருந்தது. "இன்னாடி இது, கம்ப்யூட்டருக்கு எறும்பு வருது?" என்று அத்தை கேட்டார். நான் கம்ப்யூட்டர் படித்தவள் இல்லையா? "எலக்ட்ரானிக் சாமான்ல சூடு வரும் அத்தே, அந்தச் சூட்டுக்கு எறும்பு வரும்" என்று விளக்கினேன். அத்தை வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டார். (அவ்வளவு நம்பிக்கையோடு அவ்வளவு பெரிய முட்டாள்தனத்தை நான் அதற்குப் பிறகு பேசியதில்லை. வேறு சின்னச் சின்ன முட்டாள்தனங்கள் உண்டு.) மேஜைக்கால்களைச் சுற்றி எறும்பு சாக்பீஸால் கோடு போட்டேன்.

மாமா வீட்டில் சட்டம் போட்டார். நான் கம்ப்யூட்டரில் உட்காரும்போது வேறு எதுவும் ஓடக்கூடாது. மிக்சி கூடாது. மோட்டார் கூடாது. ஃபேன் கூடாது. அத்தை அம்மியில் சட்னி அரைத்தார். ஆறு மாதமாக விடாமல் பார்த்துவந்த சாயங்கால சீரியலை விட்டுக்கொடுத்தார். அந்தச் சீரியலில் மருமகளுக்கு விஷம் வைக்கும் கட்டம் நெருங்கிக்கொண்டிருந்தது, அதைப் பார்க்காமல் இந்த மருமகள் டைப் அடிப்பதைப் பார்த்துக்கொண்டு விசிறியால் எனக்கு விசிறினார். மொத்தக் கரண்டும் எனக்கு மட்டும் என்று ஒதுக்கி, வியர்த்து வழிய மூன்று பேர் அமைதியாக உட்கார்ந்திருப்போம். நான் பேனாவின் பின்பக்கத்தால் பொட்டு கலையாமல் பட்டனை அமுக்குவேன். விளக்கு எரியும், எழுத்து ஓடும், அணைந்துவிடும்.

"பேஜாரு புடிச்ச மெஷினு" என்று மாமா முனகுவார்.

கடைசியில் பாய் கடைக்கு எடுத்துப் போவது என்று முடிவானது. கும்மிடிப்பூண்டி பஜாரில் இஸ்மாயில் பாய் கடை வைத்திருந்தார். பழவேற்காட்டுக்காரர். முன்னால் கேசட்டும் ரேடியோ செட்டும், பின்னால் ஒரு மேஜை போட்டுக் கம்ப்யூட்டர் ரிப்பேரும் பார்ப்பார். மாமா பெட்டியை அத்தையின் பழைய புடவையில் சுற்றி, மொபெட்டில் கால்களுக்கு நடுவே நிற்க வைத்து, பிள்ளையை முதல் நாள் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போவதுபோல ஓட்டிக்கொண்டு போனார்.

சாயங்காலம் திரும்பி வந்தார். முகத்தில் குழப்பம். "அங்க நல்லா ஓடுதும்மா. காலைலேர்ந்து ஓடிக்கினே கீது. பாய் டப்பு கூட வாங்க மாட்டேன்னுட்டாரு. ஒண்ணுமே பண்லியே, எதுக்கு டப்புன்றாரு."

எங்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கம்ப்யூட்டர் நல்லபடியாக வீடு திரும்பியிருக்கிறது. அத்தை ஆரத்தி சுற்றினார். நான் கிண்ணத்தை எடுத்து வந்து, நன்றியோடு, பட்டனில் புதுப்பொட்டு வைத்தேன்; பழையது புடவையில் உரசிப் போயிருக்கும் என்று நினைத்தேன். அன்று ஓடியது. மறுநாள் சாயங்காலம் அணைந்தது.

மறுபடி புடவை, மறுபடி மொபெட், மறுபடி பாய் கடையில் நாள் முழுக்க ஓட்டம், மறுபடி வீடு, ஆரத்தி, பொட்டு. மறுபடி அணைந்தது.

இரண்டாவது முறைக்குப் பிறகு மாமா பேசுவதைக் குறைத்துக்கொண்டார். கடையில் ஓடுகிறது, வீட்டில் ஓடவில்லை. கணக்கு சுலபம். கோளாறு கம்ப்யூட்டரில் இல்லை, வீட்டில்தான். பர்னஸ்காரன்தான் காரணம் என்றால் பஜாரிலும் அதே கரண்ட்தானே வருகிறது? இதை நான்தான் கெட்டிக்காரத்தனமாக அவரிடம் எடுத்துச் சொன்னேன். சொன்ன பிறகுதான் அவர் முகம் மாறியதைக் கவனித்தேன்.

முதலில் எர்த் சரியில்லை என்று கொல்லையில் குழி தோண்டினார். இடுப்பளவு ஆழம். அதில் போட உப்பு மூட்டையும் கரியும் வாங்கி வந்து வைத்தார். மழை பிடித்துக்கொண்டது, குழியில் தண்ணீர் நின்றது. சிடி கொடுக்க வேண்டிய நாளுக்கு இன்னும் நான்கு நாள்தான் இருந்தது. அன்று காலை நாஷ்டா கூடச் சாப்பிடாமல், கூடத்தில் நின்று அண்ணாந்து தன் ஒயரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் ஒயரிங்குதாம்மா" என்றார். "மரப்பட்டைக்குள்ள எங்கியோ லூசு கீது. இருவது வருசமா இந்த ஊட்டு ஒயரிங்கு மாதிரி ஒருத்தன் ஊட்லயும் இல்லன்னு பேசிக்கினு இருந்தேன். உன் படிப்புக்கு வந்து நிக்கிது பாரு. உங்கப்பாகிட்ட நான் இன்னா சொல்லுவேன்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. "அதெல்லாம் இல்ல மாமா. நான் பாய் கடையிலயே உக்காந்து முடிச்சுட்டு வந்துடறேன்" என்றேன். அவர் ஸ்டூலை எடுத்துப் போட்டார்.

மழையில் மொபெட் வேண்டாம் என்று நான் ஷேர் ஆட்டோவில், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனேன். பாய்க்கு நாற்பது வயதிருக்கும். என்னை அதுவரை பார்த்ததில்லை. விஷயத்தைச் சொன்னதும் உடனே மேஜையை ஒழித்துக் கொடுத்தார். "உக்காரும்மா தங்கச்சி. எத்தினி நாள் வேணுமோ உக்காந்து வேலைய முடிச்சுக்கோ. அண்ணன் ரெண்டு தபா வந்து ரொம்ப வெசனப்பட்டாரு."

பெட்டியை மேஜையில் வைத்து ஒயர்களை மாட்டினார். பிறகு உள்ளே போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். ஒரு கிண்ணத்தில் தண்ணீர், கொஞ்சம் பஞ்சு. பட்டனில் இருந்த என் பொட்டை ஈரப்பஞ்சால் ஒற்றி ஒற்றி, நெகிழவிட்டு, ஓரத்தில் படிந்திருந்ததையெல்லாம் நாசூக்காக வழித்து எடுத்தார். அதை ஒரு காகிதத்தில் மடித்தார்.

"இன்னா பண்றீங்க பாய்?" என்றேன்.

"சாமி சமாச்சாரமாச்சேம்மா. என்னுது மீனு கறின்னு கவுச்சி சாப்புடற கை. இதும்மேல விரல வெச்சு அமுக்கறது தப்பில்லயா? அதான் ஒவ்வொரு தபாவும் மொதல்ல எடுத்து வெச்சுட்டு அப்புறம் ஆன் பண்றது." மேஜை டிராயரைத் திறந்தார். உள்ளே ஏற்கெனவே இரண்டு காகிதப் பொட்டலங்கள் இருந்தன. "அண்ணன் கையில குடுக்க மறந்துட்டேன். தூக்கியும் போட முடியாதே. இந்தா, மூணையும் எடுத்துக்கினு போய் கால் படாத எடத்துல போட்டுடு."

சொல்லிவிட்டுப் பட்டனை அமுக்கினார். டிக் என்று உள்ளே போனது. டிக் என்று வெளியே வந்தது.

அந்த இரண்டாவது டிக்கை நான் கேட்டு வாரக்கணக்கில் ஆகியிருந்தது. எங்கள் வீட்டில் பட்டன் உள்ளே போகும், சட்டென்று வெளியே வராது. ஈரக்காற்றில் இளகிய வெல்லப்பாகு அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பட்டனை விடாமல் அமுக்கிக்கொண்டே இருந்தால் கம்ப்யூட்டர் என்ன செய்யும்?

தெரிந்த கேள்விதான். ஆனாலும் யாராவது சொல்லட்டும் என்று பாயிடம் கேட்டேன்.

"ஆஃப் ஆய்டும். ஹேங் ஆனா நாம அப்டித்தானே பண்ணுவோம்?" என்றார். சொல்லி முடிப்பதற்குள் அவருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. காகிதப் பொட்டலத்தைப் பார்த்தார், பட்டனைப் பார்த்தார். அவர் கண்ணியமான மனிதர். என் முகத்தைப் பார்க்காமல், ரொம்ப நேரம் மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "டீ சாப்புடறியாம்மா?" என்று கேட்டார்.

எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. தேர்வில் இந்தக் கேள்விக்கு விடை எழுதி மார்க் வாங்கியவள் நான். எறும்புக்குக் கூட எங்கே கோளாறு என்று தெரிந்திருக்கிறது. நான் அதைச் சாக்பீஸ் போட்டு விரட்டியிருக்கிறேன். மாமா ஸ்டூலில் ஏறியது அப்போதுதான் ஞாபகம் வந்தது. டீயை வேண்டாமென்று சொல்லிவிட்டு, பெட்டியை அணைத்துக்கொண்டு ஆட்டோ பிடித்தேன்.

வீட்டு வாசலில் கால் வைத்ததும் தெரிந்துவிட்டது, தாமதம் என்று. கூடத்துச் சுவரிலிருந்து மரப்பட்டைகள் பெயர்க்கப்பட்டு, சிவப்பும் கறுப்புமாக ஒயர்கள் தொங்கிக்கொண்டிருந்தன. மாமா ஸ்டூலின் மேல் நின்றிருந்தார். அத்தை கீழே டார்ச் பிடித்துக்கொண்டிருந்தார். இருபது வருடத்து ஒயரிங் தரையில் சுருள் சுருளாகக் கிடந்தது.

"இன்னாம்மா, அங்கயும் ஓடலியா?" மாமா மேலிருந்தே கேட்டார்.

"ஓடுது மாமா. கீழ எறங்குங்க" என்றேன். மூன்று பொட்டலங்களையும் கையில் விரித்துக் காட்டி, அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். பாதியில் எனக்கே என் பேச்சு விளங்கவில்லை.

அவர் மெதுவாக இறங்கி வந்தார். பெட்டியைக் கூடத்தில் வைக்கச் சொன்னார். பட்டனைத் தன் கட்டைவிரலால் அமுக்கி, விரலை எடுத்தார். டிக், டிக். மறுபடி அமுக்கினார். டிக், டிக். ஒரு பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்து பார்த்தார்.

"சந்தனத்துல வெல்லம் போடச் சொன்னது யாரு?" என்றார்.

"நீங்கதான் மாமா."

"உயிரு இருக்கிற எடத்துல வெக்கச் சொன்னது?"

"அதுவும் நீங்கதான்."

"பொட்டு கலையாம அமுக்கச் சொன்னது?"

"நாந்தான்" என்றார் அத்தை, டார்ச்சை அணைக்காமலே.

"கரெக்ட்டா பட்டன்ல கொண்டு போய் வெச்சது?"

நான் கையைத் தூக்கினேன்.

மாமா சுற்றிலும் பார்த்தார். தொங்குகிற ஒயர்கள், பெயர்ந்த பட்டைகள், கொட்டிக் கிடக்கிற கிளிப்புகள், சுவரெங்கும் ஆணித் துளைகள். அவர் கத்தப் போகிறார் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"அப்போ நம்ம ஒயரிங்கு நல்லாத்தான் கீது" என்றார்.

அத்தைதான் முதலில் சிரித்தது. முந்தானையை வாயில் வைத்து அடக்கப் பார்த்து, முடியாமல் டார்ச்சோடு தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு மாமா. அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அந்தக் குடும்பத்தில் நான் மருமகளாக நுழைந்தது ஆவணியில். அவர்கள் பெண்ணாக ஆனது அந்தக் கூடத்தில், அந்த ஒயர்களுக்கு நடுவில்தான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

பாஸ்கர் ஷிஃப்ட் முடிந்து வந்து பார்த்தபோது, கூடத்தில் ஒரு விளக்கு கிடையாது, கூரையிலிருந்து ஒயர் தொங்குகிறது, மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறோம். "நைனா, இன்னா ஆச்சு?" என்று பதறினார்.

"ஃப்ரீக்வென்சி பிராப்ளம்" என்றார் மாமா.

கூடத்துக்குக் கரண்ட் இல்லாததால் பக்கத்து அறையிலிருந்து நீளமாக ஒரு ஒயர் இழுத்துக் கொடுத்தார். ஃபேன் சுற்ற, மிக்சி அரைக்க, டிவியில் அந்த மருமகள் எப்படியோ விஷத்திலிருந்து தப்பித்துக்கொண்டிருக்க, நான் உட்கார்ந்து நூலகத்தை முடித்தேன். சிடி உரிய நாளில் போய்ச் சேர்ந்தது. தேறினேன். அப்பாவிடம் மாமாவே தொலைபேசியில் சொன்னார்: "சம்பந்தி, சொன்ன சொல்ல காப்பாத்திட்டேன். நடுவுல கொஞ்சம் வெல்லம் ஒட்டிக்கிச்சு, வேற ஒண்ணுமில்ல." அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

கொல்லையில் எர்த் குழி இருந்தது. உப்பும் கரியும் வாங்கி வைத்தது வீணாகக் கூடாது என்று அத்தை ஒரு தென்னம்பிள்ளை வாங்கி வரச் சொன்னார். தென்னைக்குத்தான் உப்பு பிடிக்குமே. இன்று அது கூரையைத் தாண்டி வளர்ந்து நிற்கிறது. அதன் பெயர் கம்ப்யூட்டர் தென்னை. இஸ்மாயில் பாய் வீட்டு விசேஷங்களுக்கு அதிலிருந்துதான் தேங்காய் போகும். கொடுக்கும்போது மாமா ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லுவார்: "நீ நல்லவன் பாய். ஆனா கொஞ்சம் வாயத் தொறந்திருந்தீன்னா என் ஊட்டு செவுரு பொழச்சிருக்கும்."

எங்கள் வீட்டில் இப்போது எது ஓடாவிட்டாலும் முதல் கேள்வி ஒன்றுதான். மோட்டார் தண்ணீர் ஏற்றவில்லையா, பைக் ஸ்டார்ட் ஆகவில்லையா, மகளின் போன் சார்ஜ் ஏறவில்லையா, யாராவது ஒருவர் கேட்பார்: "பொட்டப் பாத்தியா?" நான் சென்னையில் ஒரு கம்பெனியில், கம்ப்யூட்டர் வேலை செய்யாதவர்களுக்குப் போனில் யோசனை சொல்லும் வேலையில் பல வருடம் இருந்தேன். அந்தப் பக்கத்தில் இருப்பவர் படபடப்போடு பேசும்போதெல்லாம், பட்டனில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று கேட்கத் தோன்றும். இரண்டு முறை கேட்டும் இருக்கிறேன்.

போன வருடம் மாமாவுக்கு மயக்கம் வந்து, ஆஸ்பத்திரியில் சேர்த்து, நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தார்கள். நாங்கள் எல்லோரும் பயந்துபோயிருந்தோம். வீட்டுக்கு வந்த சில வாரங்களில் ஆயுத பூஜை. வழக்கம்போல் பலகையில் எல்லாவற்றையும் அடுக்கினேன். அவருடைய டெஸ்டர், டெஸ்ட் லாம்ப், மிக்சி, மகளின் லேப்டாப், என்னுடையது. கிண்ணத்தில் வெறும் சந்தனம். எல்லாவற்றுக்கும் பட்டனை விட்டுத் தள்ளித்தான் பொட்டு வைத்துக்கொண்டு வந்தேன். வரிசையின் கடைசியில், மிக்சிக்குப் பக்கத்தில், ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு மாமா உட்கார்ந்திருந்தார்.

"எனக்கும் வெய்யிம்மா. எனக்குள்ளயும் ஒரு மெஷினு ஓடிக்கினு கீதே."

அவர் நெற்றியில் சந்தனம் வைத்து, நடுவில் குங்குமம் இட்டேன். அத்தை புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாமா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"வெல்லம் போடலியே?"

"போடல மாமா."

"பட்டன்ல வெக்கலியே?"

"உங்களுக்குப் பட்டனே கிடையாது மாமா."

"அப்போ ஓடும்" என்றார்.